மாமல்லபுரச் சுற்றுலாவும் நுழைவுக் கட்டணமும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பத்தாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்ததும் சேலத்திலிருந்து இரவுப் பேருந்தில் மாமல்லபுரம் செல்லவிருக்கும் கல்விச் சுற்றுலாவுக்கு ஒரு மாணவருக்கு 1,150 ரூபாய் கேட்டிருந்தோம். அதில் நுழைவுச் சீட்டுக்கான 40 ரூபாயைக் குறித்துத்தான் பெற்றோர் கூட்டத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது. நம் முன்னோர் குடைந்த கல்லை நாம் பார்க்க நாமே பணம் கட்டுவதா என்று ஒரு தந்தையார் கேட்டார். நியாயமான கேள்விதான்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் யாரும் நம்மிடம் சீட்டுக் கேட்பதில்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள தஞ்சைப் பெரிய கோயிலும் வழிபாடு நடப்பதால் கட்டணமின்றியே திறந்திருக்கிறது. அத்துறை காக்கும் 3,600க்கும் மேற்பட்ட சின்னங்களில் ஏறத்தாழ 140 இடங்களில் மட்டுமே சீட்டு உண்டு. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் அவற்றில் அடங்கும். அர்ச்சுனன் தபசுப் பாறையைச் சாலையில் நின்றே காசில்லாமல் பார்க்கலாம்.

கட்டணம் இல்லாத இடத்தின் நிலையையும் நான் கண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பினருடன் சங்ககிரிக் கோட்டை ஏறியபோது, பாதி வழியில் ஒரு வாயிலின் உட்சுவரில், ஆணியால் கீறிய பெயர்களுக்கு நடுவே நம் பள்ளியின் பெயரும் ஓர் ஆண்டும் இருந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்குத் தலைகுனிவாக இருந்தது. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட இடம் என்று அடிவாரத்தில் பாடம் சொல்லிவிட்டுத்தான் ஏறியிருந்தோம். ஒரு காவலர் நின்றிருந்தால் அந்த ஆணி சுவரைத் தொட்டிருக்காது. காவலருக்குச் சம்பளம் வேண்டுமே, அதற்குத்தான் கட்டணம் என்று சொல்லத் தோன்றும்; ஆனால் சீட்டுப் பணம் அந்தந்தச் சின்னத்துக்கென்று ஒதுக்கப்படுவதில்லை, ஒன்றிய அரசின் தொகுப்பு நிதியில் சேர்கிறது. ஆகவே பெரியவர்களிடம் சிறு கட்டணம் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை என்றாலும், வாங்கிய பணம் வாங்கிய இடத்துக்கே செலவாக வேண்டும் என்பதும், பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளிடம் எந்த வயதிலும் வாங்கக் கூடாது என்பதும் என் கருத்து.

இப்போதுள்ள விதிப்படி 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே பெஞ்சில் அமரும் இருவரில் ஆடியில் பிறந்தவன் சீட்டு வாங்க வேண்டும், மாசியில் பிறந்தவன் வாங்க வேண்டாம். நம் 62 பேரில் 41 பேருக்கு 15 வயது நிறைந்துவிட்டது. வயதைக் குறைத்துச் சொல்லிவிடலாமே என்று ஓர் அம்மா தயக்கத்துடன் கேட்டார். அவர் மகன் அப்போது அருகில்தான் நின்றான். அது வேண்டாம். நுழைவு இலவசமான நவம்பர் 19ஆம் தேதியே போயிருக்கலாம் என்றும் சிலர் கூறினர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே அந்த 41 பேருக்கான 1,640 ரூபாயைப் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து செலுத்தக் கழகத் தலைவர் இசைந்துள்ளார். தாங்கள் கட்ட வேண்டியது பேருந்துக்கும் உணவுக்குமான 1,110 ரூபாய் மட்டுமே. அதையும் இரு தவணையில் கட்டலாம். அதுவும் இயலாதவர்கள் என்னை நேரில் பாருங்கள், பிள்ளையிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். ஒப்புதல் படிவத்துடன் ஆதார் நகல் ஒன்றை இணைத்து வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்