அரக்குத் தட்டில் ஸ்பிரிட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பரணில் கிடக்கும் இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்வது பற்றிய குறிப்பைப் படித்தேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்கலாம், அது இல்லாவிட்டால் சானிடைசரும் போதும் என்று போட்டிருந்தீர்கள். கும்பகோணத்தில் 15 வருடம் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன் நான். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய 78 வேகத் தட்டு பிளாஸ்டிக் இல்லை. அரக்கோடு கல்மாவு கலந்து அழுத்தியது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். நாற்காலிக்குப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கேளுங்கள், அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் அவர் பாலிஷே தயார் செய்கிறார். சானிடைசரிலும் இருப்பது பெரும்பாலும் அதே ஆல்கஹால்தான்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் நாதஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத் தட்டு ஒன்று இருந்தது. 1984 ஐப்பசி அடைமழையில் அதில் பூஞ்சை பிடித்துவிட்டது. கடையில் டேப் ஹெட் (நாடா உரசிப்போகும் பாகம்) துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டை எடுத்துத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்கு போகிறது என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். போனது அழுக்கில்லை, தோடி. ஊசியை வைத்தால் வெறும் கரகரப்பு. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எது அரக்கு, எது வினைல் என்கிற பிளாஸ்டிக் தட்டு என்று பார்ப்பது சிரமமில்லை. அரக்குத் தட்டு என்றால் நடுவில் ஒட்டிய லேபிளில் 78 என்று இருக்கலாம்; கையில் கனக்கும்; வளைத்தால் வளையாது, விழுந்தால் ஓடு மாதிரி உடையும். 1960களிலும் நம் ஊரில் 78 தட்டு விற்றது, அதனால் சினிமாப் பாட்டுதானே, வினைலாகத்தான் இருக்கும் என்று ஏமாந்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கோடு சுற்றும் திசையிலேயே துடைக்க வேண்டும். லேபிளில் ஈரம் படக்கூடாது. உடனே வேறு துணியால் ஒற்றியெடுத்து, நிற்கவைத்துக் காயவிடுங்கள். ஊறவெல்லாம் போடாதீர்கள், கல்மாவு தண்ணீர் குடிக்கும். அப்புறம், இரும்பு ஊசியை ஒரு பக்கம் பாடியதும் மாற்றிவிட வேண்டும். ஊசியில் மிச்சம் பிடித்துத் தட்டைத் தின்னக் கொடுத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேசட் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஒன்றுமட்டும் சேர்க்கலாம். கேசட்டின் நடுவில் உள்ள ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது நாடாச் சுருளில் வெள்ளை படிந்திருந்தால் அதைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். அந்தப் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் போகும்.

திருத்தத்தை வரும் ஞாயிறு வரை தள்ளாமல் நாளைய தாளிலேயே போட முடியுமா? குறிப்பை நம்பி இந்நேரம் யாராவது பஞ்சும் பாட்டிலுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் கடைக்காரன்,
கும்பகோணம்