இரட்டையரும் இரண்டு வயதும்

அன்பு மகளுக்கு,

எங்கள் எழுபதாவது பிறந்த நாளன்று எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் பெரியப்பாவும் இரட்டையர் என்றால் இனி யாரும் நம்ப மாட்டார்கள்" என்று எழுதியிருந்தாய். கல்லூரி நாட்களில் வருகைப் பதிவின்போது ஒருவருக்காக மற்றவர் குரல் கொடுத்தும் பிடிபடாதவர்கள் நாங்கள். இன்றோ அவர் தலையில் பாதி கறுப்பு இருக்கிறது. எனக்குப் புருவமே வெளுத்துவிட்டது. ஆனால் சர்க்கரை அவருக்குத்தான்.

ஒரே கருமுட்டையிலிருந்து வந்த எங்கள் மரபணுக்களில் ஏறத்தாழ வேறுபாடே கிடையாது. எந்தச் செல்லில் எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாட்டில்தான் வேறுபாடு வருகிறது. டி.என்.ஏ. இழையில் ஆங்காங்கே ஒட்டியிருக்கும் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறியும், அந்த இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் இந்தக் கட்டுப்பாட்டில் பெரும்பங்கு வகிக்கின்றன. செல் பிரியும்போதெல்லாம் இக்குறிகளையும் படியெடுக்க வேண்டும்; அதில் பிழை நேர்ந்து, வயது ஏற ஏற, இருக்க வேண்டிய இடத்தில் குறி உதிர்கிறது, வேண்டாத இடத்தில் ஏறிக்கொள்கிறது. நம் பழைய வீட்டில் கூடத்துச் சுவிட்சைப் போட்டால் தாழ்வார விளக்கும் மங்கலாக எரியுமே, ஏறக்குறைய அதுதான்.

ஸ்பெயினில் மனெல் எஸ்டெல்லர் குழுவினர் 3 முதல் 74 வயது வரையிலான 40 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு படம் உண்டு. இணையில் ஒருவரின் குறிகளுக்குச் சிவப்பும் மற்றவரின் குறிகளுக்குப் பச்சையும் ஏற்றி, இரண்டையும் ஒரே குரோமோசோமின் மீது படியவிட்டால், ஒத்துப்போகும் இடம் மஞ்சளாகத் தெரியும். 3 வயதுப் பிள்ளைகளின் குரோமோசோம்கள் பெரும்பாலும் மஞ்சள். 50 வயதினரிடம் சிவப்பும் பச்சையும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கின்றன. நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த இணைகளிடம் வேறுபாடு இன்னும் மிகுதி. நாற்பது ஆண்டுகள் பெரியப்பா ரயில்வேயில் இரவுப்பணி பார்த்தார், நான் வகுப்பறையில் நின்றேன் என்பதை அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

உமிழ்நீரைக் கொண்டு "உண்மை வயது" சொல்லும் சோதனைப் பெட்டியை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். எல்லாக் குறிகளும் தாறுமாறாகக் கலைவதில்லை, சில இடங்கள் ஒழுங்காகவே மாறுகின்றன என்பதைப் பிடித்துக்கொண்டு, ஸ்டீவ் ஹோர்வாத் என்னும் ஆய்வாளர் 2013இல் டி.என்.ஏ.வில் 353 இடங்களைத் தேர்ந்தெடுத்து வயதைக் கணிக்கும் கடிகாரம் ஒன்றை அமைத்தார். ரத்தமோ மூளைத் திசுவோ, எதை வைத்தும் வயதைச் சொல்லிவிடுகிறது. எனக்கு இன்றும் வியப்புதான். ஆனாலும் அதன் சராசரிப் பிழையே மூன்றரை ஆண்டுக்கு மேல். அந்தக் குறிகள் முதுமையை உண்டாக்குகின்றனவா, முதுமையின் பின்னால் வருகின்றனவா என்ற வழக்கும் தீரவில்லை. அப்படியிருக்க, எனக்கு 66 என்று வந்தால் மகிழ்வதா, 74 என்று வந்தால் கவலைப்படுவதா?

அனுப்பித்தான் தீருவாய் என்றால் இரண்டு பெட்டிகளாக அனுப்பு. பத்து நிமிடம் முன்னால் பிறந்ததற்காகப் பெரியப்பா ஆனவர், கடிகாரத்தில் தாம்தான் இளையவர் என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அன்புடன்,
அப்பா