மச்சத்துக்குக் கால் இருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில், உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா நோயான லைம் நோய் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. தலைப்பில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போட்டிருந்தீர்கள். நம் மருத்துவர்கள் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது ஸ்க்ரப் டைபஸை. அது வேறு கிருமி, வேறு பூச்சி. சரி, பெயரைக்கூட விட்டுவிடலாம். 'உண்ணி கடித்தவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து, நோய் உறுதியான பிறகு சிகிச்சை பெற வேண்டும்' என்ற கடைசி வரியைத்தான் என்னால் விட முடியவில்லை. அந்த வரிப்படியே நடந்துதான் என் கணவரின் முகம் ஒரு பக்கமாகக் கோணிப்போனது.

போன வருஷம் மே மாதம் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக்குப் போயிருந்தோம். நோய்க்குப் பெயர் தந்த லைம், அந்த மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். 1975வாக்கில் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீங்கியபோது, பாலி மரே என்ற தாய் விடாமல் கேள்வி கேட்டதால்தான் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராயவே வந்தார்கள். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. போன புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பேரக்குழந்தையின் தூக்க நேரம் மட்டும்தான்.

இவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி முடிந்து மரக்கூட்டம் தொடங்கும் இடத்தில், அரைக்கால் சட்டையோடு போய்க் களை பிடுங்கிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மாலை அவர் முதுகைக் காட்டி நின்றபோது, முழங்காலின் பின்பக்க மடிப்பில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கசகசாவைவிடக் கொஞ்சம் பெரியது. "இதென்னங்க, புதுசா ஒரு மச்சம்?" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். மச்சத்துக்குக் கால் இருந்தது.

அடுத்து நான் செய்தது எல்லாமே தப்பு. எண்ணெய் வைத்தால் மூச்சு முட்டித் தானாக விழுந்துவிடும் என்று எண்ணெய் வைத்தேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். விழவில்லை. நகத்தால் கிள்ளி எறிந்து, கையைக் கழுவிவிட்டு மறந்தும் போனேன். எண்ணெய், நகப்பூச்சு, தீக்குச்சிச் சூடு எதுவுமே கூடாதாம். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும், அதுவும் பார்த்த உடனே. உண்ணி ஒட்டியிருக்கும் நேரம்தான் இங்கே கணக்கு. ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் கிருமி உடம்பில் ஏறுவது அபூர்வம். 36 மணி நேரம் தாண்டி ஒட்டியிருந்தது, நோய் பரவும் பகுதி, நோயைப் பரப்பும் ரக உண்ணிதான் என்றெல்லாம் தெரிந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆண்டிபயாட்டிக்கை 200 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை கொடுத்து நோய் வராமலே தடுக்கப் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. நான்தான் அதைக் கழுவுதொட்டியில் விட்டேன்.

ஒன்பதாம் நாள் அதே இடத்தில் ஒரு தடிப்பு. அரிப்பு இல்லை, வலி இல்லை, தொட்டால் லேசான சூடு. வட்டமாக இருந்ததால் படர்தாமரை என்று முடிவு கட்டி, பெட்டியில் கொண்டுபோன களிம்பைத் தடவினேன். மகளுக்குச் சந்தேகம். பால்பாயிண்ட் பேனாவால் தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டாள். மறுநாள் காலை தடிப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. கடித்த சில மணி நேரத்தில் வரும் சின்னச் சிவப்பு ஓரிரு நாளில் அடங்கிவிடும், அது வெறும் ஒவ்வாமை. 3 முதல் 30 நாளுக்குள் வந்து, நாளுக்கு நாள் பரவுவதுதான் லைம் தடிப்பு. அந்தப் பேனாக் கோட்டை எந்த மருத்துவரும் சொல்லித் தரவில்லை, என் மகளாக யோசித்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அன்றே ஒரு மருத்துவ மையத்துக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முடிவு 'நெகட்டிவ்'. ஏதோ பூச்சிக்கடி என்று ஒவ்வாமை மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கும் நிம்மதி. காகிதத்தில் இல்லை என்று அச்சடித்திருக்கும்போது எதற்குக் கவலை?

அந்தக் காகிதம் சொன்னது பொய் இல்லை, ஆனால் அந்த வாரத்தில் அதைக் கேட்டிருக்கவே கூடாது. அந்தப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது அளக்கும்படி சேர்வதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். தடிப்பு வந்த முதல் வாரத்தில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் இருந்தும் இல்லை என்றே வரும். அதனால்தான், நோய் பரவும் பகுதியில் இருந்தவருக்கு இப்படிப் பரவும் தடிப்பு வந்தால், பரிசோதனைக்கே போகாமல் தடிப்பைப் பார்த்து மருந்து தொடங்கலாம் என்று அங்கே மருத்துவர்களுக்கான வழிகாட்டுதலே இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் காலை ஒன்று, இரவு ஒன்று, பத்து நாள். அவ்வளவுதான். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அமாக்ஸிசிலின் போன்ற வேறு மருந்துகளும் உண்டு.

தடிப்பு மூன்று வாரத்தில் தானாகவே மறைந்தது. ஏமாற வைப்பது இதுதான். மருந்து கொடுக்காவிட்டாலும் தடிப்பு மறையும், ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும்.

ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்தவரின் வாயோரம் ஒழுகியது. துடைத்துக்கொண்டார், மறுபடி ஒழுகியது. நிமிர்ந்து பார்த்தால் இடது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று நான் அலறியதில் குழந்தையும் அலறியது. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அவரை நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது பக்கம் சுருங்கியது, இடது பக்கம் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. மூளையில் வரும் பக்கவாதமாக இருந்தால் பெரும்பாலும் நெற்றி தப்பிக்கும், இது முக நரம்பு என்று விளக்கினார். அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி: "உண்ணி ஏதாவது கடித்ததா?" இந்த முறை ரத்தம் 'பாசிட்டிவ்'. 21 நாள் மாத்திரை. இரவில் கண்ணை ஒட்டுநாடாவால் மூடித் தூங்கினார். முகம் நேராக ஒன்றரை மாதம் ஆயிற்று. சிலருக்கு இதயத் துடிப்பின் ஓட்டம் தடைபடுமாம், சிலருக்கு மாதங்கள் கழித்து முழங்கால் வீங்குமாம். எங்களுக்கு இதோடு போயிற்று.

இதையெல்லாம் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. கோடையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் பெற்றோர் பலர். கடி அங்கே நடக்கும், தடிப்பு விமானம் இறங்கிய பிறகு வரும். இங்கே எந்த மருத்துவர் லைம் என்று யோசிப்பார்? "இத்தனை நாள் முன்பு இந்த இடத்தில் இருந்தேன், புல்லில் நடந்தேன்" என்று நாமே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கும் வட மத்தியப் பகுதியும் மட்டுமல்ல, ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இது உண்டு. அதற்காக, மாதக்கணக்கில் ஆண்டிபயாட்டிக் ஏற்றுகிறோம் என்று இணையத்தில் கூவுகிறவர்களிடம் போய் விழவும் வேண்டாம். அப்படி நீட்டுவதால் பலன் இல்லை என்று சோதனைகளில் பார்த்துவிட்டார்கள்.

இன்னொரு குறை. உங்கள் செய்தியோடு போட்ட படத்தில் வெள்ளைத் தோலில், அம்பு எய்யும் பலகைபோல் அழகான சிவப்பு வளையம். என் கணவருக்கு வந்தது அப்படி இல்லவே இல்லை. மாநிறத் தோலில் மங்கிய ஊதாவும் பழுப்புமாக, நடுவில் வெளுக்காமல், ஆறின கன்றல்போல் இருந்தது. அந்தப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் 'இது அது இல்லை' என்று நானும் ஏமாந்திருப்பேன். அடுத்த முறை இதுபற்றி எழுதினால் நம் நிறத் தோலின் படத்தைப் போடுங்கள். மகள் கோடு போட்ட நாளிலும் மறுநாளிலும் எடுத்த நான்கு படங்கள் என் கைப்பேசியில் இருக்கின்றன. கேட்டால் அனுப்புகிறேன். அவரும் சம்மதித்துவிட்டார். முழங்கால் மட்டும்தான் தெரிய வேண்டும், அரைக்கால் சட்டை தெரியக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

இப்படிக்கு,
ஒரு வாசகி