எவோராவுல இருந்து

மாப்ள,

உன் மெயில் கெடச்சுது, சின்னவளுக்கு காலேஜ் சீட் கெடச்சதுல ரொம்ப சந்தோஷம்டா. நான் இப்ப லிஸ்பன்ல இல்ல, போர்ச்சுகல்லயே எவோராங்கற ஊருக்கு மாத்திட்டாங்க, ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரந்தான், ஆனா வெயில் வேலூர் தோத்துடும்.

ஊர் உச்சியில ரோமாக்காரங்க கோயில் ஒண்ணு, முதலாம் நூற்றாண்டுது, 14 தூண் இன்னும் நிக்குது. தூண் கிரானைட்டு, மேல இலை இலையா செதுக்கியிருக்க தலையும் கீழ அடிப்பீடமும் எஸ்ட்ரெமோஸ்ங்கற ஊரு மார்பிள், வெள்ளை வெளேர்னு. எல்லாரும் டயானாங்கற ரோமாக்காரங்க பெண் தெய்வத்தோட கோயில்னுதான் சொல்றாங்க, அது ரொம்ப பின்னாடி யாரோ கெளப்பிவிட்டது, உண்மையில ராஜா வழிபாட்டுக்கு கட்டினதாம். இது எப்படி தப்பிச்சுதுன்னா, தூணுக்கு தூண் நடுவுல சுவர் வச்சு அடைச்சுட்டாங்க, அப்புறம் 1836 வரைக்கும் கறிக்கடை! பின்னாடிதான் சுவரெல்லாம் இடிச்சு தூண வெளிய எடுத்தாங்க. கறி வெட்டின எடத்துல இப்ப செல்ஃபி எடுக்குறானுங்க. சும்மா பூட்டி வச்சிருந்தா கல்லெல்லாம் எவன் வீட்டு அஸ்திவாரத்துலயோ போயிருக்கும்னு எனக்கு தோணுது.

இந்த ஊரே அப்படித்தான்டா. 1537ல கட்டி முடிச்ச தண்ணிக் கால்வாய், வளைவு வளைவா தூக்கி நிறுத்தி கொண்டாந்திருக்காங்க, ஊருக்குள்ள வர வர வளைவு குட்டையாகுது, அந்த வளைவுக்குள்ளயே சுவர் வச்சு கதவு போட்டு குடும்பம் நடத்துறாங்க, மேல கால்வாய் கீழ ஜன்னல்ல துணி காயுது. முனிசிபாலிட்டி ஆபீசுக்குள்ள போனா அங்க ஒரு ரோமன் குளியல் அறை, 1987லதான் கண்டுபிடிச்சிருக்காங்க. மனுஷ எலும்ப வச்சே கட்டின ஒரு சின்ன சர்ச்சும் இருக்கு, எலும்பு சாப்பல்னு பேரு, சுவர் பூரா மண்டையோடு, ஒரு தடவ பாத்தா போதும்.

சாப்பாடு பத்தி சொல்லலையே, அசோர்தான்னு ஒண்ணு, பூண்டு கொத்தமல்லி உப்பு இடிச்சு ஆலிவ் எண்ணெய் விட்டு கொதிக்கிற தண்ணி ஊத்தி பழைய ரொட்டிய போட்டு மேல முட்டை. ரசம் இல்லாத கொறைய பாதி தீக்குது.

அப்புறம் பிரஸ்காரனுக்கு ஒரு நியூஸ். 1578ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம், அதான் இந்தியாவுல தமிழ் எழுத்துல அச்சான முதல் புஸ்தகம், அச்சடிச்சாரே அண்ட்ரிக் அடிகளார், 16 பக்கந்தான் அது, அவர் பொறந்த விலா விசோசா இங்க பக்கத்துலதான்! போகணும், ஞாயித்துக்கிழமை பஸ் கம்மி, லீவு போட்டுத்தான் போகணும். உன் ஆஃப்செட் மெஷின் ரிப்பேர் என்னாச்சு, பார்ட்ஸ் வந்துச்சா? எழுதுடா.