கன்டெய்னருக்கு இப்போதே இரங்கற்பா வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல மொழிகளில் எழுதிய நிரல்களை ஒரே பொது வடிவத்துக்கு மாற்றி, தனி அடைப்புக்குள் ஓட்டும் வெப் அசெம்பிளி கிளவுட் சேவைகளுக்குள் வந்தது குறித்துத் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரவுசருக்காகப் பிறந்த ஒரு தொழில்நுட்பம் சர்வருக்குள் நுழைந்த கதையைத் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதிய கட்டுரையாளருக்கு என் பாராட்டுகள். ஆயினும், நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி ஓட்டும் டாக்கர் போன்ற கன்டெய்னர்களின் காலம் முடிந்துவிட்டது என்ற அவரது முடிவையும், அதற்கு வேகம் ஒன்றையே சான்றாக வைத்த முறையையும் என்னால் ஏற்க முடியவில்லை.

டாக்கரை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான சாலமன் ஹைக்ஸ் 2019 மார்ச்சில் இட்ட ட்விட்டர் பதிவைக் கட்டுரை எடுத்தாள்கிறது. வெப் அசெம்பிளியும், அதற்கு இயங்குதளத்தின் வசதிகளைப் பெற்றுத்தரும் வாசி என்னும் பொது இடைமுகமும் 2008-லேயே இருந்திருந்தால் டாக்கரை உருவாக்க வேண்டிய தேவையே வந்திராது என்பது அந்தப் பதிவின் சாரம். அது பரபரப்பானதும் அவரே எழுதிய விளக்கத்தைக் கட்டுரை விட்டுவிட்டது. வெப் அசெம்பிளி டாக்கரை இடம்பெயர்த்துவிடாது, லினக்ஸ் கன்டெய்னர்களும் விண்டோஸ் கன்டெய்னர்களும் வெப் அசெம்பிளியும் அருகருகே ஓடும் என்பதே அவர் சொன்னது. முதல் பதிவை மட்டும் காட்டினால், அவர் தம் படைப்புக்குத் தாமே முடிவுரை எழுதியதுபோல் ஆகிவிடுகிறது.

வேகத்துக்கு வருகிறேன். ஃபாஸ்ட்லி நிறுவனம் 2019-இல் வெப் அசெம்பிளி நிரல்களை ஓட்டும் தன் லூசெட் ரன்டைமை வெளியிட்டபோது, ஒரு மாட்யூலை, அதாவது கம்பைல் செய்த நிரலை, 50 மைக்ரோசெகண்டுக்குள் தொடங்க முடியும் என்று அறிவித்தது உண்மை. கோரிக்கை வந்த பிறகே நிரலைத் தொடங்கி, பதில் சொன்னதும் கலைத்துவிடும், பயனருக்கு அருகிலுள்ள மையங்களில் ஓடும் எட்ஜ் சேவைகளுக்கு இது பெரிய வரம். ஆனால் மதுரையிலிருந்து வரும் கோரிக்கையைச் சென்னையில் உள்ள எட்ஜ் மையம் 50 மைக்ரோசெகண்டில் எழுந்து வாங்கிக்கொண்டு, பதிலுக்கான விவரத்தை மும்பையில் இருக்கும் தரவுத்தளத்திடம் மூன்று முறை, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் போய்வர 20 மில்லிசெகண்ட் என்று கொண்டாலும், மொத்தக் காத்திருப்பு அந்தத் தொடக்க நேரத்தைப்போல் 1,200 மடங்கு. அதற்கு அந்த நிரலைத் தரவுத்தளத்தின் பக்கத்திலேயே ஒரு சாதாரணக் கன்டெய்னரில் வைத்திருக்கலாம். கோரிக்கையோடு வரும் தலைப்புத் தகவல்களைச் (ஹெடர்) சரிபார்த்தல், முகவரியைத் திருப்பிவிடுதல், பயனரின் அனுமதிச் சீட்டான டோக்கனைச் சோதித்தல், படத்தின் அளவைக் குறைத்தல் போல, வெளித்தரவை அதிகம் கேட்காத வேலைகளில்தான் எட்ஜ் தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன அனுமதி முறைதான், என் கணிப்பில், இத்தொழில்நுட்பத்தின் உயிர்நாடி. ஒரு கோப்பைத் திறந்து படிக்கும் சிறு நிரலை ரஸ்ட் மொழியில் எழுதி, வாசி இடைமுகத்துக்காகக் கம்பைல் செய்து, வாஸ்ம்டைம் ரன்டைமில் ஓட்டிப் பாருங்கள். கோப்பு அதே ஃபோல்டரில் இருக்கும். உங்கள் பயனர் கணக்குக்கு அதைப் படிக்கும் உரிமையும் இருக்கும். இருந்தும் நிரல், முன்கூட்டியே திறந்து கொடுக்கப்பட்ட வழி எதுவும் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். கட்டளையில் அந்த ஃபோல்டரைப் பெயர் சொல்லிச் சேர்த்த பிறகே ஓடும். சேர்த்த ஃபோல்டருக்கு வெளியே இருப்பது எதுவும் அதன் கண்ணுக்குப் படாது. வழக்கமான நிரல் ஒன்று, ஓட்டுபவரின் உரிமைகள் அத்தனையையும் தானாகவே பெற்றுக்கொள்வதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலைத் தம் சர்வரில் ஓட்ட வேண்டிய நிறுவனங்கள் இதை உடனே பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. இணையக் கடைகளுக்கான ஷாப்பிஃபை தளத்தில் தள்ளுபடிக் கணக்கு போன்ற விதிகளை வெளியாட்கள் எழுதித் தரலாம். அவை 256 கிலோபைட்டுக்கு மிகாத வெப் அசெம்பிளி மாட்யூல்களாக, பில் போடும் நேரத்திலேயே ஷாப்பிஃபையின் சர்வர்களில் ஓடுகின்றன. வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் நான்கு வரி விதிக்கும் ஒரு கன்டெய்னரை எழுப்பி உட்கார வைப்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

இந்த வேலியும் எல்லாவற்றையும் காக்காது. மாட்யூலுக்குள் இருக்கும் பிழை வெளியே கசிவதைத்தான் அது தடுக்கிறது. சி மொழியில் எழுதிய நிரலில் நினைவகத்தை மீறி எழுதும் பழைய பிழை இருந்தால், அது வெப் அசெம்பிளிக்குள்ளும் அப்படியே வந்து சேரும். வழக்கமான கம்பைலர்கள் தரும் சில தற்காப்புகள் அங்கு இல்லாததால், அந்தப் பிழையைப் பயன்படுத்தி அதே மாட்யூலின் தரவைச் சிதைப்பது சில வேளைகளில் இன்னும் எளிது என்பதை யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாதுகாப்பானது என்ற சொல்லைக் கட்டுரை இவ்வளவு தாராளமாக வழங்கியிருக்க வேண்டாம்.

மொழிகளைப் பொறுத்தும் நிலைமை ஒரே சீராக இல்லை. ரஸ்டும் சியும் நன்றாகப் பொருந்துகின்றன. பைத்தானில் எழுதியதை எடுத்துச்செல்ல வேண்டுமானால் அதைப் படித்து இயக்கும் பைத்தான் இன்டர்ப்ரெட்டரையும் சேர்த்தே மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. சிறிய மாட்யூல், நொடியில் தொடக்கம் என்ற பெருமை அங்கேயே பாதி போய்விடுகிறது.

ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்ற கட்டுரையின் உறுதிமொழி பற்றியும் ஒரு குறிப்பு. மாட்யூலின் வடிவம் பொதுவானது. வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் (W3C) 2019 டிசம்பரிலேயே அதைத் தன் பரிந்துரையாக ஏற்றுவிட்டது. ஆனால் மாட்யூல் வெளியுலகோடு பேசும் அழைப்புகளை ஒவ்வொரு எட்ஜ் நிறுவனமும் தன் போக்கில் வகுத்திருப்பதால், ஃபாஸ்ட்லிக்கென எழுதியதைக் மற்றொரு எட்ஜ் நிறுவனமான கிளவுட்ஃபிளேருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. இந்த இடைவெளியை நிரப்பவே 2024 ஜனவரியில் வாசியின் 0.2 பதிப்பு, எச்டிடிபி என்னும் வலைக் கோரிக்கைகளுக்கும் சாக்கெட் என்னும் பிணைய இணைப்புகளுக்கும் பொது இடைமுகங்களோடு வந்தது. எந்தெந்த நிறுவனம் அதை எந்த அளவுக்கு ஏற்றிருக்கிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற எத்தனை வரிகளைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று ஒரே நிரலை இரண்டு மூன்று சேவைகளில் ஓட்டிப் பார்த்து எழுதும் கட்டுரையைத் தங்கள் இதழ் வெளியிட்டால், இந்த ஆண்டு தம் சேவைகளை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் சிறு நிறுவனங்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்