ஆறாம் படிவத்துக்கு ஆள் சேர்த்த கதை

பட்டர்வொர்த்,
பினாங்கு.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ஒண்ணுமில்லடி" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். அதனால் உங்களைக் கேட்கிறேன், உள்ளதை எழுதுங்கள்.

"ஒரு மாதமாக ஆளையே காணோம், அப்படி என்ன வேலை?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள். நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன் அப்பா. ஓட்டுக் கேட்க இல்லை, பரீட்சைக்கு ஆள் சேர்க்க. கணக்குப் பரீட்சை என்றாலே காய்ச்சல் வந்து படுத்துக்கொண்ட உங்கள் மகள்தான், ஊரே பயப்படுகிற பரீட்சைக்கு எங்கள் பேட்டைப் பள்ளியில் வகுப்பு வேண்டும் என்று அலைந்தாள். நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மலேசியாவில் பதினோரு வருடம் படித்துவிட்டு எஸ்.பி.எம். என்ற பரீட்சை எழுதுகிறார்கள். அதற்கு மேல் அரசுப் பல்கலைக்கழகம் போக முக்கியமாக இரண்டு வழி. ஒன்று மெட்ரிகுலேஷன். ஒரே வருடம், ஹாஸ்டல், கைச்செலவுக்குப் பணமும் உண்டு. ஆனால் இடங்களில் 90 சதவீதம் பூமிபுத்திராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர் முதலான மண்ணின் மைந்தர்களுக்கு, மீதி 10 தான் மற்ற எல்லோருக்கும். எஸ்.பி.எம்.மில் 10 ஏ வாங்கிவிட்டால் இனம் பார்க்காமல் இடம் என்று 2024-ல் பிரதமர் அறிவித்தார். சரி, ஏழு ஏ வாங்கிய பிள்ளை?

இன்னொரு வழி எஸ்.டி.பி.எம். பரீட்சை. இதற்குப் படிக்கிற வகுப்புதான் ஆறாம் படிவம். ஒன்றரை வருடம், மூன்று பருவம், ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனிப் பரீட்சை. 2012-க்கு முன் எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டுமாம். நீங்கள் படித்த பி.யூ.சி.யை இழுத்து நீட்டினால் கிட்டத்தட்ட இது வரும். கணக்கு எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் பருவம் முழுக்க அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும்: சார்புகள், தொடர்கள், அணிகள், கலப்பெண்கள், வெக்டர். இரண்டாவது பருவம் கால்குலஸ். மூன்றாவது புள்ளியியல். போதாததற்குப் பொதுப் பாடம் ஒன்றும், புராஜெக்டும் உண்டு. "உலகத்திலேயே கஷ்டமான பரீட்சை" என்று இங்கே வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். யார் போய் அளந்து பார்த்தார்களோ தெரியாது.

எங்கள் பள்ளியில் ஆறாம் படிவம் இருக்கிறது, ஆனால் கலைப்பிரிவு மட்டும். அறிவியல் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி அடுத்த ஊர். விடியுமுன் கிளம்பினால்தான் முதல் மணிக்குப் போய்ச் சேரலாம். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் யோசிக்கிறார்கள். கடைசியில் தனியார் கல்லூரியில் ஏதோ ஒரு டிப்ளமோ, பதினெட்டு வயதில் தலையில் கல்விக் கடன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டேவிட்டேன். என் மலாய் சந்தை மலாய்தான். இருபது வருடமாகியும் மீன்காரரிடம் பேரம் பேசத்தான் லாயக்கு. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தலைமையாசிரியை மலாய்க்கார அம்மா, சிரிக்கவில்லை. "ஆசிரியர் வேண்டும், லேப் வேண்டும், அதற்கெல்லாம் முன்னால் பிள்ளைகள் வேண்டும். இருபது பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள், நான் மேலிடத்துக்கு எழுதுகிறேன்" என்றார்.

நான், பக்கத்து பிளாட் சீன அம்மா, லாரி ஓட்டுகிற ஒரு மலாய்க்காரர், மூன்று பேரும் கிளம்பினோம். அவரவர் மொழிக்காரர் வீட்டில் அவரவர் பேசுவது என்று ஏற்பாடு. தமிழ் வீடுகளில் காப்பி கிடைத்தது, கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை. "மெட்ரிக் ஒரு வருசம், இது ஒன்றரை வருசம், எதுக்கும்மா வம்பு?" என்பார்கள். பதில் சொல்லத் தெரியாமல் முதல் இரண்டு நாள் விழித்தேன். அப்புறம் உங்கள் வாய்தான் எனக்குள் பேசியது: "மெட்ரிக் கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், அதற்குச் சொல்லுங்கள்."

ஒரு வீட்டில் மட்டும் அது எடுபடவில்லை. அந்தப் பெண் கணக்கில் கெட்டிக்காரி. அப்பாவோ, "பாயான் லெப்பாஸில் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, மாசம் பொறந்தா சம்பளம்" என்றார். 1972-லிருந்து அந்தத் தொழிற்பேட்டை எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, அதை நான் குறை சொல்ல முடியாது; என் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

லேப் கதையைச் சொல்ல வேண்டும். உதவியாளர் ஒரு மர அலமாரியைத் திறந்து காட்டினார். வெர்னியர் காலிப்பர்கள் மலாய்ப் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி கிடந்தன. பாதி துருப்பிடித்து நகர மறுத்தன. அம்மீட்டர் ஒன்றின் முள், கம்பியே மாட்டாமல், கால் ஆம்பியர் காட்டியது. ஒரு ஸ்குரூ கேஜை எடுத்து மூடித் திருகினேன், கிளிக் கிளிக் என்று சத்தம் வரும்வரை. பூச்சியத்தில் நிற்கவில்லை, மூன்று கோடு தள்ளி நின்றது. "ஜீரோ எரர், கழித்துக்கொள்ள வேண்டும்" என்றேன். உதவியாளர் என்னை டீச்சர் என்று நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை.

எப்படியோ 23 பெயர் சேர்ந்தது. முதல் பெயர் நம் பெரியவனுடையது. நானே எழுதினேன், அவனைக் கேட்காமல். எங்கள் விண்ணப்பம் ஒரு அலுவலகத்தில் மூன்று வாரம் மேசை மாறி மேசை மாறிக் கிடந்தது, அதை விடுங்கள். அதற்குள் மெட்ரிக் முடிவு வந்துவிட்டது. எங்கள் பட்டியலில் நான்கு பேருக்கு இடம். அதில் இவனும் ஒருவன்.

உங்கள் மாப்பிள்ளை "யோசிக்கவே வேண்டாம், போகட்டும்" என்றார். நான் இரவெல்லாம் தூங்கவில்லை. ஊர் பிள்ளைகளை எல்லாம் ஆறாம் படிவத்துக்கு வா வா என்று அழைத்துவிட்டு, என் பிள்ளையை மெட்ரிக்குக்கு அனுப்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? காலையில் அவனே சொன்னான்: "அம்மா, நான் மெட்ரிக் போறேன். ஹாஸ்டல்ல இருந்து பார்க்கணும்." அவ்வளவுதான். கப்பாளா பத்தாஸில்தான் கிடைத்திருக்கிறது, பக்கம்தான். பட்டியலில் அவன் பெயரை நானே அடித்தேன். கோடு கோணலாகப் போய் அடுத்த பெயரிலும் பட்டுவிட்டது.

பத்தொன்பது ஆகிவிட்டது. ஒன்று குறைகிறது. லாரிக்காரர் "போதும், இப்படியே கொடுத்துவிடுவோம்" என்றார். சீன அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இப்படி வாதாடிக்கொண்டிருந்த அன்று சாயங்காலம் அந்தக் கெட்டிக்காரப் பெண்ணின் அப்பா ஷிஃப்ட் சட்டையோடு மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மகன் மெட்ரிக் போறானாமே, அப்புறமும் நீங்க அலையறீங்களே, எதுக்கு?" என்று கேட்டார். சின்னவள் மூன்றாம் படிவம், அவளுக்காவது ஆகும் என்றேன். உண்மையும் அதுதான். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பட்டியல் இப்போது மேலே போயிருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு பௌதிக ஆசிரியர் சனிக்கிழமைகளில் வந்து சொல்லித்தருகிறேன் என்றிருக்கிறார். அனுமதி வந்தால் வகுப்பு, வராவிட்டால் மறுபடி மனு.

அந்தப் பெண் நேற்று வீட்டுக்கு வந்து, முதல் பருவக் கணக்குக்கு ஏதாவது பழைய புத்தகம் இருக்கிறதா ஆன்ட்டி என்று கேட்டாள். உங்கள் பிரவுன் அட்டை நோட்டு ஞாபகம் வந்தது. தொடர்களும் கலப்பெண்களும் இருக்குமே, ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு வழியில் விடை எழுதியிருப்பீர்களே, அது. பீரோவின் மேல்தட்டில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கும். தமிழில் இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், அவள் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அம்மாவை ஏற விடாதீர்கள், நீங்களே ஸ்டூல் போட்டு எடுங்கள். ஸ்டூலையும் யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

அன்பு மகள்