ஒமாஹாவிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கே பால் பாயசம் வைத்தேன். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

கருக்கலைப்புக்கு அனுமதி கொடுக்கும் மெடிக்கல் போர்டில் உட்கார்ந்து வந்த அன்றிரவு உனக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருந்தாய். 26 வாரம், சிசுவுக்கு மண்டையோடு உருவாகவில்லை. அனுமதி கொடுத்தது சரிதானா என்று என்னைக் கேட்டால், சரிதான் என்பேன். "அமெரிக்காவில் சட்டம் எப்படி?" என்றும் கேட்டிருந்தாய். அதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது.

நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தெற்கே ஒட்டினாற்போல் பெல்வியூ. விமானப்படையில் சர்ஜனாக இருந்து ஓய்வு பெற்ற லிராய் கார்ஹார்ட் அங்கேதான் கருக்கலைப்பு கிளினிக் நடத்தினார். உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு வழக்குகளிலும் அவர் பெயர் இருக்கிறது. வழக்கு ஒரே ஒரு முறையைப் பற்றியது. சிசுவைத் துண்டு துண்டாக எடுக்காமல், பெரும்பகுதியை முழுதாக வெளியே கொண்டுவந்து முடிப்பது. 'பாதிப் பிரசவக் கருக்கலைப்பு' என்று எதிர்த்தவர்கள் பெயர் வைத்தார்கள். நாம் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர் கிடையாது.

நெப்ராஸ்கா போட்ட தடையை 2000-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ரத்து செய்தது. தாயின் உடல்நலத்துக்காக விலக்கு தரவில்லை என்பது முக்கியக் காரணம். கிளிண்டன் இரண்டு தடவை வீட்டோ செய்த மசோதா, 2003 நவம்பரில் புஷ் கையெழுத்தில் நாடு முழுவதற்கும் சட்டமானது. மீறும் டாக்டருக்கு 2 ஆண்டு வரை சிறை. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் செய்யலாம். உடல்நலம் கெடும் என்றால் கூடாது. 2007-ல் அதே நீதிமன்றம் அதே 5-4 கணக்கில் இது செல்லும் என்றது. இடையில் மருத்துவம் மாறவில்லை, மல்லிகா. நீதிபதி ஓ'கானர் ஓய்வு பெற்று, அந்த நாற்காலிக்கு அலிட்டோ வந்திருந்தார்.

இதே முறையைப் பார்த்த ஒரு நர்ஸின் சாட்சியத்தைத் தீர்ப்பிலேயே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படித்து முடிக்க முடியாமல் எழுந்து போய்விட்டேன். அதைக் கேட்டு மனம் பதைத்தவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் அனுமதித்த, துண்டு துண்டாக எடுக்கும் மற்ற முறையை அதே போல விவரித்தால், அதையும் கேட்க முடியாது. இந்தச் சட்டம் ஒரு சிசுவைக்கூடக் காப்பாற்றவில்லை என்று நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் இருக்கிறது. சிசு உயிரோடு இருந்தால்தான் தடை என்பதால், அதற்குப் பிறகு சிறைக்குப் பயந்து பல டாக்டர்கள் முதலிலேயே ஊசி போட்டுச் சிசுவின் இதயத்தை நிறுத்தினார்கள். அந்த ஊசி குத்தப்பட்டது தாயின் வயிற்றில். அவள் உடம்புக்கு அது தேவையே இல்லை.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடியின் ஒரு வரி இன்றும் எனக்கு ஆறவில்லை. கலைத்துக்கொண்ட பெண்களில் சிலர் பின்னால் வருந்துவார்கள் என்றார். நம்பகமான தரவு இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டு! அந்த அறையில் இருந்த ஒரே பெண் நீதிபதி கின்ஸ்பர்க். தன் எதிர்ப்பை அன்று வாய்விட்டு வாசித்தார்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். கருக்கலைப்பு அரசியல் சட்ட உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2022 தீர்ப்புக்குப் பிறகு, 2023-ல் நெப்ராஸ்கா கருக்கலைப்பை 12 வாரத்தோடு நிறுத்திவிட்டது. பலாத்காரத்துக்கும் அவசர சிகிச்சைக்கும் விலக்கு உண்டு. சிசுவின் குறைபாட்டுக்குக் கிடையாது. உன்னிடம் வந்த பெண் என் தெருவில் இருந்திருந்தால், கொலராடோவுக்குக் காரில் 8 மணி நேரம் போயிருப்பாள். அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்க இங்கே ஒரு போர்டுகூட இல்லை.

அவள் வீட்டுக்குப் போய்விட்டாளா? கூட யார் இருக்கிறார்கள்? மறக்காமல் எழுது.

உன்,
சாரதா